தம்பதியர் கோப்பைக்கு நான்காவது ஜோடி

பெயரைக் கேட்டாலே கோல்ஃப் மைதானத்து மணல்குழிகள் மிரளும் என் மருமகளுக்கு,

மாமன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் தனிநாடு கேட்கிறது. கொடுத்துத் தொலைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று நம் கோல்ஃப் கிளப்பில் தம்பதியர் கோப்பைக்கு ஆள் எடுத்தோம். நான்தான் அணித்தலைவன். உலக வரலாற்றில் இவ்வளவு பெரிய பதவியை இவ்வளவு சின்ன அறையில் யாரும் வகித்ததில்லை. மின்விசிறி சுற்றினால் காகிதம் பறக்கிறது, நிறுத்தினால் செயலாளருக்கு வியர்க்கிறது. நான்கு ஜோடி வேண்டும். பேக்கரிக்காரரும் மனைவியும், தலைமையாசிரியையும் கணவரும், செயலாளரும் வீட்டம்மாவும் என்று மூன்று ஜோடிக்குத் தகராறில்லை. நான்காவதாக உன்னையும் உன் பல் டாக்டரம்மாவையும் சொன்னேன். போன விடுமுறையில் அவள் அடித்த பந்து மேகத்துக்குள் போய், நனைந்து திரும்பி வந்ததைக் கண்ணால் கண்டவன் நான்.

செயலாளர் தொழிலால் வக்கீல். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணே, இது தம்பதியர் கோப்பை. அவங்க இருக்கிற வெளிநாட்டுல கல்யாணத்தைப் பதிவு பண்ணியிருக்கலாம். நம்ம சட்டத்துல ரெண்டு பொண்ணுங்க பண்ணிக்கிற கல்யாணம் செல்லாது. வேணும்னா தோழிகள்னு போட்டு விருந்தினர் ஆட்டத்துல சேர்த்துக்கலாம்" என்றார்.

மனைவி என்று போட்டால் வருகிறோம், தோழி என்று போட்டால் வரமாட்டோம் என்று நீ எழுதியதை அப்படியே சொன்னேன். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால் நான் உன் மாமனா? "போன வருஷம் நீங்களும் வீட்டம்மாவும் ஒன்பதாவது குழியில சண்டை போட்டு ஆளுக்கொரு பக்கமா வீட்டுக்குப் போனீங்க தம்பி. கோப்பையும் போச்சு. அது செல்லுபடியான கல்யாணம்தானே?" என்று கேட்டேன். பேக்கரிக்காரருக்குத் தேநீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. செயலாளரின் வீட்டம்மாவோ, "அந்தப் பொண்ணுங்க ஆடட்டும். இல்லேன்னா இவரு மட்டும் தனியா ஆடட்டும், தம்பதியா" என்றார்.

செயலாளர் அசையவில்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்பாராம். கேட்கட்டும். அறிவிப்புப் பலகையில் உங்கள் பெயர்களை நானே எழுதி, பக்கத்தில் மனைவி, மனைவி என்று விமானத்திலிருந்து படிக்கிற அளவில் போட்டுவிட்டேன். அழித்தால் மறுபடி எழுதுவேன். உங்களை எடுத்துவிட்டு வேறு ஜோடி போடச் சொன்னால், மூன்று ஜோடியோடு போய்த் தோற்றுவிட்டு வருவோம். தோற்பதில் என் அனுபவத்துக்குப் பல்கலைக்கழகமே திறக்கலாம். உங்களைத் தோழிகளாக்கி ஜெயிக்கிற கோப்பையில் எனக்குத் தண்ணீர் குடிக்கக்கூட மனசில்லை.

இனி வீட்டு விஷயம். அணிச் சட்டைகளை உன் அம்மாவின் தையல் கடையில் கொடுத்திருக்கிறேன். நீ கல்யாணப் படம் அனுப்பிய நாளிலிருந்து, உன் பேச்சை எடுத்தாலே அக்காள் தையல் எந்திரத்தை ஓட்டத் தொடங்கிவிடுவாள். இன்று காலை துணியை விரித்துக்கொண்டே, நிமிராமல், "மருமகளுக்குத் தோள் அகலம் எவ்வளவுடா?" என்றாள். என் மருமகள் நீதானே. பெற்றவளுக்குத் தெரியாத அளவையா நான் சொல்லப்போகிறேன் என்றேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "உன் மருமக அளவு எனக்குத் தெரியாதா? நான் கேக்குறது என் மருமகளை" என்றாள்.

மறுபடி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். அளவு வந்து சேரும் என்று சொல்லிவிட்டு, முழங்காலைக்கூட மறந்து இதை எழுத ஓடிவந்தேன்.

பல் டாக்டரம்மாவை நிறுத்தி வைத்து அளவெடு. எனக்கு எழுதாதே, நான் தப்பாகச் சொல்லித் தொலைப்பேன். கடைக்கு நீயே கூப்பிட்டுச் சொல். எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடு. எந்திரச் சத்தத்தில் கேட்டிருக்காது.

இப்படிக்கு,
பதவியைப் பிடுங்கும்வரை அணித்தலைவன்,
பிடுங்க முடியாதபடி உன் மாமன்.