குழாய்க்குச் சொன்ன வைத்தியம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, உன் தங்கை முகம் வெந்து கிடக்கிறாள். போனில் பேசினால் கத்திவிடுவேன், நீயும் பட்டென்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

எல்லாம் உன் வீடியோ செய்த வேலை. முகத்தில் இறந்த தோல் போக எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கலந்து பரபரவென்று தேய்க்க வேண்டுமாம், "இது எங்க அம்மா சொல்லிக்கொடுத்தது" என்று இளிப்பு வேறு. அடிப்பாவி, நான் எப்போதடி சொன்னேன்? குளியலறைக் குழாயில் கறை படிந்தால் எலுமிச்சை போட்டுத் தேய் என்றேன், அது பித்தளை, அதைப் பார்த்துத் தேய்த்துக்கொண்டாளே உன் தங்கை, அவள் கன்னமும் பித்தளையா? மாடிவீட்டுத் தையல்காரம்மா படியில் மறித்து, "உங்க வைத்தியம் பிரமாதங்க" என்று குத்திக் காட்டுகிறார். வீடியோவில் நீ கிண்ணத்தைக் காட்டுகிறாய், அடுத்த நிமிஷம் பளிச்சென்று வந்து நிற்கிறாய், நடுவில் தேய்த்ததைக் காணோம், எனக்கென்ன கண் அவிந்தா போச்சு!

தோல் டாக்டர் என்னைத்தான் முறைத்தார். சர்க்கரை கீறிய இடத்தில் எலுமிச்சை எரித்துவிட்டதாம், அதோடு வெயிலிலும் போயிருக்கிறாள். ஆறும்வரை எதையும் தேய்க்கக் கூடாது, அவர் தந்த களிம்பு மட்டும்தான். ஆறின பிறகும் வாரம் ஒருமுறை, நனைத்த மெல்லிய துணியால் அழுத்தாமல் ஒற்றித் துடைத்தால் போதுமாம். கடையில் வாங்குவது எதுவானாலும் முதலில் தாடை ஓரத்தில் துளி தடவி ஒருநாள் பார்க்கணும், எரிந்தால் கழுவித் தள்ளணும், பரு, புண் இருந்தால் கிட்டேயே போகக் கூடாது, வெயிலுக்குக் கிரீம் இல்லாமல் வெளியே இறங்கக் கூடாது. வீடியோ போட்டே தீரணும் என்றால் இதைச் சொல்லித் தொலை.

அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இந்த மாதம் அவளைக் கவுன்டருக்குப் பொறுப்பாகப் போடுவதாக இருந்தார்கள். இப்போது முதலாளி, "முகம் சரியாகுற வரைக்கும் உள்ளே உட்கார்ந்து லென்ஸ் தொடைம்மா" என்றுவிட்டார், அவள் இடத்தில் நேற்று வந்த ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அப்போதும் இந்தப் பைத்தியம் டாக்டரிடம், "அக்கா சொன்னதுல தப்பில்ல டாக்டர், நான்தான் அழுத்தித் தேய்ச்சுட்டேன்" என்கிறாள்.

முதலில் அந்த வீடியோவை எடு. அப்புறம் தங்கையைக் கூப்பிட்டு, நீ அதை உன் முகத்தில் தடவக்கூட இல்லை என்று உன் வாயாலேயே சொல். என்னிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். ஆறினதும் இந்தத் தடவை மெதுவாகத் தேய்க்கிறேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நான் தடுத்தால் கேட்கமாட்டாள், நீ சொன்னால்தான் கேட்பாள்.

நல்லா இரு, வேளைக்குச் சாப்பிடு.

கோபம் இன்னும் தீராத
உன் அம்மா