கதவில்லாத ரெக்கார்டர்

என் உயிர் மாப்ள நாசருக்கு,

நீ போய் இன்றோடு முப்பத்தாறு நாள். மத்தியானம் உன் மகள் ஷபானா நம் வீடியோ கடைக்கு வந்தாள். காலேஜ் பையைக்கூடக் கழற்றாமல் உன் ஸ்டூலில் உட்கார்ந்து, "மாமா, வாப்பா பேசுன ரெக்கார்டிங் எப்ப தருவீங்க?" என்றாள். மெஷின் ரிப்பேர் என்றேன். ஐந்தாவது தடவையாக அதே பொய். "படம் நல்லா இல்லேன்னாலும் சலேல் மாமா. ஆவாஸ் கேட்டாப் போதும்" என்றாள். விஷ்ராந்த்வாடியில் பிறந்த பிள்ளை, இந்தியும் மராத்தியும் கலக்காமல் அவளுக்குத் தமிழ் வராது. படம் எப்படி இருந்தாலும் பரவாயில்லையாம், உன் குரல் மட்டும் கேட்டால் போதுமாம். அந்தக் குரல் என்னிடம் இல்லை, நாசர். அழித்துவிட்டேன்.

எந்த வாயால் இதை அவளிடம் சொல்ல? அதனால்தான் முதலில் உன்னிடம் சொல்கிறேன்.

கேமராவோடு வயரில் மாட்டும் தனி ரெக்கார்டர் வாங்கலாம் என்று ஒரு வருஷமாகப் பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா? மணிக்கொரு தடவை டேப் மாற்றும் தொல்லை எனக்குச் சலித்துப்போயிருந்தது. கட்கியில் நடந்த கல்யாணத்தில் நான் டேப் மாற்றிய அரை நிமிஷத்தில் தாலி கட்டி முடித்துவிட்டார்கள்.

புத்வார் பேட்டைக் கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று பெரியது. கனம் அதிகம், உள்ளே இடம் நிறைந்தால் நின்றுவிடும். இன்னொன்று சின்னது, இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். நிறைந்தால் பழையதை அழித்து அதன்மேலேயே பதிந்துகொண்டு ஓடும். எனக்குச் சின்னதுதான் பிடித்தது. நீ உதட்டைப் பிதுக்கினாய். "ஏல, நின்னு போச்சுன்னா கல்யாண வீட்டுக்காரன் ஏசுவான், அவ்வளவுதான? அழிச்சிட்டுன்னா என்னல செய்வ?"

உனக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு. டேப் வெளியே வந்ததும் அதன் ஓரத்துச் சின்னக் கதவை நகத்தால் தள்ளி மூடிவிட்டுத்தான் டீயைத் தொடுவாய். மூடிவிட்டால் அந்த டேப்பில் வேறெதுவும் ஏறாது. கட்டிய பெண்டாட்டி பேரை மறந்தாலும் இவன் கதவை மறக்க மாட்டான் என்று உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன். உன் பெண்டாட்டியும் சேர்ந்து சிரிப்பாள்.

நுரையீரல் இனித் தாங்காது என்று டாக்டர் சொன்ன அன்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். "மகளுக்குக் கொஞ்சம் பேசி வைக்கணும் மாப்ள. மூச்சு எப்ப வருதோ அப்பத்தான் பேசுவேன். டேப் மாத்தணும்னு நடுவுல நிறுத்தாத." அன்றைக்கே ஓடினேன். நீ பக்கத்தில் இல்லாததால் என் இஷ்டத்துக்குச் சின்னதையே வாங்கி வந்தேன். டேப் ஓடும் சத்தம் மைக்கில் விழும் என்று கேமராவில் டேப்பே போடவில்லை.

நாலு மணி நேரம் பேசினாய். பேசினாய், இளைத்தாய், மறுபடி பேசினாய். நாலாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அதை உடனே கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்ற உட்கார்ந்தேன். திரையில் உன் முகம் வந்ததும் அணைத்துவிட்டேன். என்னால் பார்க்க முடியவில்லை மாப்ள. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அதற்குள் பாணேரில் நாம் இருவரும் ஒப்புக்கொண்டிருந்த கல்யாணம் வந்தது. தனியாகப் போனேன். ரெக்கார்டர் ஆறு மணி நேரம் பிடிக்கும். கல்யாணமும் ஆறு மணி நேரம் ஓடியது. அழித்துப் பதியும் வேலை அதில் ஓடிக்கொண்டே இருப்பதை நான் நினைத்தும் பார்க்கவில்லை. அந்தப் பெட்டியில் தள்ளி மூட ஒரு கதவு இல்லை. இருந்தாலும் மூடும் ஆள் இல்லை. கடைக்கு வந்து போட்டுப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசிவரை கல்யாணம்.

அழிந்ததை மீட்டுத் தருகிறவர்கள் மூன்று பேரிடம் காட்டினேன். மேலே எழுதிவிட்டால் எழுதியதுதான் என்று மூவரும் கையை விரித்தார்கள். மூன்றாவது ஆள் கடை வாசலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லை உன்னிடம் சொல்ல.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. பதிவு போனால் என்ன, கேட்டவன் நான் இருக்கிறேனே, நீ சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு பக்கம் நிறையவில்லை. நான் கேட்கவே இல்லை நாசர். காதில் ஹெட்போன் இருந்தது, கண் முழுக்கப் புது மெஷின்மேல் இருந்தது. பேட்டரி இறங்குகிறதா, எண் ஓடுகிறதா, சிவப்பு விளக்கு எரிகிறதா என்று நாலு மணி நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பதிகிறது, பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். உயிரோடு எதிரில் இருந்தவனை விட்டுவிட்டுப் பெட்டியைப் பார்த்தவனை என்ன சொல்லித் திட்டுவாய்?

ஷபானா சின்னப் பிள்ளையில் கேமரா வாரைக் கடித்ததை நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. கணக்கில் மார்க் குறைந்ததற்கு அறைந்தாயே, அதற்கு மன்னிப்புக் கேட்டாய். உம்மாவைத் தனியாக விட்டுவிடாதே என்றாய். அப்புறம் மூன்றாவது மணி நேரத்தில் எதையோ சொல்லிவிட்டுச் சிரித்தாய். இருமல் வரும்வரை சிரித்தாய். சத்தம் ஏறுகிறது, மைக்கைத் தள்ளிப் பிடி என்று நான் கையைக் காட்டினேன். நீயும் தள்ளிப் பிடித்தாய். எதற்குச் சிரித்தாய் என்று எத்தனை யோசித்தாலும் வரவில்லை.

நாளைக்குக் காலையில் உன் வீட்டுக்குப் போகிறேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. ரிப்பேர் என்று இனி சொல்ல மாட்டேன். பெட்டியை அவள் முன்னால் வைத்து, செய்ததைச் சொல்லிவிடுவேன். அவள் என்னை மாமா என்று கூப்பிடுவதை நிறுத்தினாலும் சரி, அந்த ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டுவேன். கடைசி வரியில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: "உங்க வாப்பா உங்கிட்டப் பேசும்போது ஒரு தடவை நல்லாச் சிரிச்சான். எதுக்குன்னு எனக்குத் தெரியாது."

நீ கடைசிவரை மாப்ள என்று கூப்பிட்ட,
கணேசன்