சபை சொன்ன ஆமென்

பொழிச்சலூர்,
திங்கட்கிழமை

அன்பு மகள் கெசியாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கொஞ்சமாவது தூங்கி, அந்தப் பாழாய்ப்போன இருமல் விட்டு நன்றாயிருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு பிரஷர் மட்டும் கொஞ்சம் ஏறிக் கிடக்கிறது, அது மாத்திரைக்கு இறங்குகிற பிரஷர் இல்லை, இந்தக் கடிதத்தை எழுதி முடித்தால்தான் இறங்கும். தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிற அம்மா எதற்குக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று பார்க்கிறாயா? போனில் நான் வாயைத் திறந்தால் நீ "சரிம்மா சரிம்மா, லேபுக்கு டைமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். மெசேஜில் எழுதினால் அது எந்த வழியாக எந்த குரூப்புக்குப் போகும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். காகிதத்தை யாரும் ஃபார்வர்ட் பண்ண முடியாது பார். நம் பின்தெரு எபி, அவன் அக்கா கல்யாணத்துக்கு வந்தவன், புதன்கிழமை கிளம்புகிறான். உன் காலேஜுக்குப் பக்கத்து ஊர்தானாம், நேரில் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவனுக்கு ஒரு டீயாவது போட்டுக் கொடு, வாசலிலேயே நிற்க வைத்து அனுப்பிவிடாதே.

நடந்ததெல்லாம் உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும், முழுசாகச் சொல்கிறேன் கேள். மார்ச்சில் உன் காலேஜிலிருந்து வெள்ளம் பாதித்த வீடுகளைச் சுத்தம் செய்யப் போகிற அந்த சர்வீஸ் டிரிப்புக்குப் போன மாதம் நீ டிரெய்னிங் போனாயே, வெள்ளம் புகுந்த வீட்டில் நீயும் இன்னொரு பெண்ணும் வெள்ளை உடுப்பும் பூட்ஸுமாக உடைந்த கக்கூஸ் பேசினைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிற போட்டோ, அதைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஸ்டேட்டஸில் வைத்தேன். வைத்தது நான்தான், இன்னொரு தடவை கிடைத்தாலும் வைப்பேன். அதை உன் ஞானசௌந்தரி பெரியம்மா எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டார்கள். அங்கே ஆளாளுக்கு அழுகிற பொம்மையும் கும்பிடுகிற கையும் போட்டார்கள், அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அடுத்த ஞாயிறு ஆலயத்தில் ஜெபக் குறிப்புகளை ஆயர் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வருகிறார், இன்னாருக்கு மூட்டுவலி, இன்னாருக்கு வேலை என்று. நடுவில், அயல்நாட்டில் படிக்கும் எங்கள் குடும்பத்துப் பிள்ளை கெசியா தேவையில்லாத சகவாசங்களை விட்டு நல்ல புத்தியோடு படிப்பில் கவனம் செலுத்தும்படியாக என்று வாசித்தாரே பார்க்கலாம்! எழுதிக் கொடுத்தது உன் பெரியம்மாதான், வேறு யார். சபை முழுக்க ஆமென் சொல்கிறது. ஆண்கள் பக்கத்தில் உன் அப்பாவும் பழக்கதோஷத்தில் ஆமென் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் தன் மகள் பேர் என்று உறைத்து, திருதிருவென்று என்னைத் தேடுகிறார். சொந்த மகளுக்குப் புத்தி வரட்டும் என்று ஆமென் போட்ட மனுஷன் இந்தச் சென்னையிலேயே உன் அப்பாவாகத்தான் இருப்பார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆலய வளாகத்தில் என்னைச் சுற்றி ஒரு கூட்டம். ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, பாப்பா யாரையாச்சும் லவ் பண்ணிடுச்சா, சொல்லுங்க, எங்க உபவாச ஜெபத்துல வெச்சு ஜெபிக்கிறோம் என்று கண்கலங்குகிறார்கள். இன்னொருவர் போதைப்பொருளா என்று மெதுவாகக் கேட்கிறார். இல்லைங்க, வெள்ளத்துல போன வீட்டைக் கழுவிவிடப் போறா, அவ்வளவுதான் என்று சொன்னேன். அதைச் சொன்ன பிறகுதான் அவர்கள் முகம் அதிகமாகச் சுருங்கியது! லவ் என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் பெரியப்பா வந்தார். நான் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன், ஆனால் அவர் பெரியம்மா மாதிரி பேசவில்லை, அதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். உன் தாத்தா பம்மலில் தோல் பதனிடுகிற இடத்தில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை செய்தவர் என்று உனக்குத் தெரியும். பெரியப்பா சொன்னார், எங்கப்பாவுக்கு முழங்கால் வரைக்கும் தோல் வெந்து போயிருக்கும் ஜோதி, ஸ்கூல்ல என் பக்கத்துல எவனும் உக்கார மாட்டான், மூக்கைப் பொத்திக்குவான், நான் ஹெட்மாஸ்டர் ஆன அப்புறம்கூட அந்த நாத்தம் என் சட்டையில அடிக்குதோன்னு மோந்து பாத்துக்குவேன், இவ்வளவு கஷ்டப்பட்டு அதுலேர்ந்து ஏறி வந்தோம், நம்ம பொண்ணு ஏரோபிளேன் ஏறிப்போய்த் திரும்ப அதே சேத்துல கை வெக்கணுமா என்று. சொல்லும்போதே சட்டைக் கையைத் தடவிக்கொண்டார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் நான் விடவில்லை. அத்தான், உங்கப்பாவுக்கு அன்னிக்கு வேற வழி இல்ல, வயித்துக்காக நின்னாரு, இன்னிக்கு நம்ம பொண்ணு யாரும் இறங்கச் சொல்லாம தானா இறங்குறா, ரெண்டும் எப்படி ஒண்ணாகும் என்று கேட்டேன். ஊர் பேசுமே என்றார். ஊர் இத்தனை நாள் என்னைப் பற்றி என்ன பேசிற்று? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குரோம்பேட்டை லேபில் ஊரார் மலத்தையும் மூத்திரத்தையும் டப்பாவில் வாங்கி டெஸ்ட் பண்ணுகிறேன், அந்தச் சம்பளத்தில்தான் உனக்கு ஃபீஸ் கட்டினேன், அதற்காக ஒரு நாளாவது ஒருத்தராவது எனக்கு நல்ல புத்தி வரட்டும் என்று ஜெபக் குறிப்பு கொடுத்தார்களா? இதையும் கேட்டேன். வருஷா வருஷம் பெரிய வியாழனன்று இயேசு சீஷர்கள் காலைக் கழுவின ஞாபகமாக ஆயர் கால் கழுவுகிற ஆராதனையில் முதல் வரிசையில் போய் உட்காருறீங்களே, வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்த காலைக் கழுவினா அது பரிசுத்தம், நாறுற வீட்டை என் பொண்ணு கழுவினா அது கேவலமா என்றும் கேட்டேன். இது கொஞ்சம் அதிகம்தான். காபி குடிக்காமல் எழுந்து போய்விட்டார். இன்னும் பேசவில்லை. பேசும்போது பேசட்டும்.

உனக்கு அந்த 2015 வெள்ளம் எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, நீ அப்போது சின்னப்பெண். பெரியப்பா நம்மைத் தன் வீட்டு மாடியில் வைத்துச் சோறு போட்டார், நீ பள்ளிக்கூடம் போகத் துணி வாங்கிக் கொடுத்தார், அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு இந்த வீட்டுக்குள் இறங்கிச் சேற்றை அள்ள எந்தச் சொந்தமும் வரவில்லை. வாசலில் நின்று ஐயோ என்று மூக்கைப் பொத்தியவர்கள்தான் அதிகம். வந்தது யார்? எந்த ஊர்க் காலேஜோ, வேனில் வந்து இறங்கிய பிள்ளைகள். திருநெல்வேலிப் பேச்சுப் பேசின ஒல்லியாக ஒரு பெண், அடைத்துக்கொண்டிருந்த நம் கக்கூஸுக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுக் குப்பையை இழுத்துப் போட்டாள். நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு, அந்த அக்காவுக்கு அருவருப்பா இருக்காதாம்மா என்று கேட்டாய், அது அவள் காதில் விழுந்து, இருக்கத்தாம்ல செய்யுது, அதுக்கென்ன செய்ய என்று சிரித்தாள். குடிக்க நல்ல தண்ணீர்கூட நம்மிடம் இல்லை கொடுப்பதற்கு. அவர்கள் கொண்டு வந்திருந்த தயிர்சாதப் பொட்டலத்தில் உனக்கும் ஒன்று கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். பேர் கேட்கவும் தோன்றவில்லை. நீ அந்த டிரிப்புக்குப் பேர் கொடுத்திருக்கிறேன் என்று சொன்ன அன்றைக்கு எனக்கு அவள் முகம்தான் வந்தது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை போன் பண்ணினாய். எனக்காக நீ ஏன் பேச்சு வாங்கணும்மா, நான் பேரை எடுத்துடறேன், செமஸ்டரும் ரொம்ப ஹெவியா இருக்கு என்றாய். அடியே, லேபில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவள் நான், எது முதலில் வந்தது எது பின்னால் வந்தது என்று கவனிக்காமல் விடுவேனா? முதலில் வந்தது நான் பேச்சு வாங்குவது, செமஸ்டர் அதற்கப்புறம் ஒட்டுப்போட்டது. செமஸ்டர் கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, அந்தப் பெரிய லேப் ரிப்போர்ட், டைனிங் ஹாலில் வேலை, சின்னப்பிள்ளைகளுக்கு டியூஷன், இத்தனையையும் இழுத்துப்போட்டுக்கொண்டு ராத்திரிக்குக் கிண்ணத்தில் அவலும் பாலும் மாதிரி எதையோ கொட்டிச் சாப்பிடுகிறாய், வீடியோவில் கழுத்தெலும்பு தெரிகிறது. படிப்புக்கு முடியவில்லை, உடம்புக்கு முடியவில்லை என்றால் தாராளமாக நின்றுகொள், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். ஆனால் பெரியம்மாவுக்கும் குரூப்புக்கும் பயந்து, எனக்குப் பரிந்துகொண்டு நீ நின்றால் அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்னைப் பேசுகிறவர்களை நான் பார்த்துக்கொள்வேன், அதற்கு நீ பன்னிரண்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கவலைப்பட வேண்டாம், எத்தனை மைல் என்று சரியாகத் தெரியாது, தூரம்தான். வார முடிவுக்குள் பேரை உறுதி செய்ய வேண்டும் என்றாயே, எபி வந்து இதைக் கொடுத்ததும் உட்கார்ந்து யோசி.

போகிறதாயிருந்தால் சிலது சொல்கிறேன், லேப்காரி சொல்கிறாள் என்று கேள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டாய் என்று பார், சந்தேகமாயிருந்தால் போட்டுக்கொள். வெள்ளச் சேற்றில் எலி மூத்திரம் கலந்திருக்கும், கையில் காலில் சிராய்ப்பு இருந்தால் மூடிக்கட்டாமல் இறங்காதே, வந்த பிறகு காய்ச்சல் அடித்தால் சும்மா மாத்திரை போட்டுக்கொண்டு கிடக்காமல் வெள்ளத்தில் வேலை செய்தேன் என்று டாக்டரிடம் சொல். சுவரில் கருப்பாகப் பூஞ்சை படிந்திருக்கும், மாஸ்க்கைக் கழற்றவே கழற்றாதே, உனக்கு ஏற்கனவே இருமல். பெரிய சாமானைத் தனியாகத் தூக்கி வீரம் காட்டாதே. வீட்டுக்காரர்கள் பக்கத்தில் நின்றால் மூக்கைச் சுளிக்காதே, அவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள், எனக்குத் தெரியும். எபி கொண்டுவருகிற பையில் பருப்புப்பொடி, தூக்குச்சட்டியில் நார்த்தங்காய், தைலம், ரெண்டு பாக்கெட் முறுக்கு வைத்திருக்கிறேன், முறுக்கை அந்த போட்டோவில் உன்னோடிருந்த பெண்ணுக்கும் கொடு. அடியில் பேப்பரில் சுற்றி இருப்பது அப்பா வாங்கியது. அவர் அண்ணன் பேசும்போது வாயே திறக்காமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அவர் மேல் பெரிய கோபம். மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் நேரே பம்மலுக்குப் போய், ஒரு சின்னப் பட்டறையில் உன் கை அளவைத் தன் கையை வைத்து உத்தேசமாகச் சொல்லி, கெட்டித் தோலில் வேலைக்குப் போடுகிற கையுறை ஒரு ஜோடி வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். அண்ணனுக்கு அதுதான் அவர் பதில் என்று நான் எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், உள்ளே பஞ்சுக் கையுறை போட்டுக்கொண்டு போட்டுக்கொள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதைப் போனில் சொல்லியிருந்தால் அங்கேயே கத்தியிருப்பாய். நேற்று ஆலயத்தில் நானும் ஒரு சீட்டு எழுதிக் கவரில் வைத்து நடந்த நன்மைக்கு நன்றியாகப் போடுகிற ஸ்தோத்திரக் காணிக்கையோடு கொடுத்தேன். பிறந்தநாள், வேலை உயர்வு என்று வாசித்துக்கொண்டே வந்த ஆயர் என் சீட்டைப் பார்த்து நின்றுவிட்டார். மைக்கைத் தள்ளிவிட்டு என்னை எட்டிப் பார்த்து, அம்மா, இதுல மார்ச் மாசம்னு போட்டிருக்கு, மார்ச் இன்னும் வரலியே, போய்ட்டு வந்தப்புறம் கொடுக்கலாமே என்றார். நான் எழுந்து நின்றேன். வரும் ஐயா, வாசிங்க என்றேன். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும். அவரும் நல்ல மனுஷன், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சகோதரி ஞானஜோதி அவர்கள் தன் மகள் கெசியா மார்ச் மாதத்தில் வெள்ளம் பாதித்தவர்களின் வீடுகளைச் சுத்தம் செய்துவிட்டுச் சுகமாகத் திரும்பி வந்ததற்காகவும், முன்பு தன் வீட்டைச் சுத்தம் செய்த பேர் தெரியாத பிள்ளைகளுக்காகவும் செலுத்தும் ஸ்தோத்திரம் என்று ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். அப்புறம் ஆண்கள் பக்கத்திலிருந்து எல்லாருக்கும் முன்னால் ஒரு ஆமென் வந்தது, உன் அப்பா குரல், இந்தத் தடவை அவருக்கு யார் பேர் என்று நன்றாகத் தெரியும். பின்னாலேயே சபை முழுக்கச் சொல்லிற்று. நீ போகவில்லை என்றால் நான் அதே ஆலயத்தில் எழுந்து நின்று, நடக்கவில்லை, திருத்தி வாசியுங்கள் ஐயா என்று சொல்லிக்கொள்வேன், எனக்கு அதில் வெட்கமில்லை. அதற்காக நீ போக வேண்டாம். உனக்காகப் போ.

கர்த்தர் உன் கைகளையும் முதுகையும் காத்து, எழுதுகிற பரீட்சை எல்லாவற்றிலும் உனக்குத் துணை நிற்பாராக. தலைக்கு எண்ணெய் வை. எபியிடம் தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடு, அது அவன் அம்மாவுடையது.

என்றும் உன் பக்கம் நிற்கும் அம்மா,
வே. ஞானஜோதி

பி.கு: சொல்ல மறந்துவிட்டேன். எனக்கு முன் பெஞ்சில்தான் பெரியம்மா உட்கார்ந்திருந்தார்கள். பழக்கதோஷமோ என்னவோ, அவர்களும் ஆமென் சொன்னார்கள். என் காதால் கேட்டேன்.