விக்ராந்துக்கு ஒரு வீடு

என்னங்க,

போனில் பேசினால் உங்கள் பக்கத்தில் மருமகள், என் பக்கத்தில் மகள். அதனால்தான் எழுதுகிறேன்.

செங்கல்பட்டு வீட்டை விற்ற பிறகு நீங்கள் சிங்கப்பெருமாள் கோயிலில் மகனோடும், நான் திருப்போரூரில் மகளோடும் ஒரு வருஷம் இருந்துவிட்டோம். யாரையும் குறை சொல்லவில்லை. இரண்டு வீட்டிலும் ஒருவருக்குத்தான் இடம்.

நேற்று பீரோ மேலிருக்கும் நம் மரக்கப்பலைத் துடைத்தேன். கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று வந்து, நீங்கள் வேலை பார்த்த விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேக்கில் செதுக்கினீர்களே, அப்போதுதான் கடல் கதையெல்லாம் எனக்குச் சொன்னீர்கள். இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிக்காக என் கூறைப்புடவைச் சரிகையைப் பிரித்தீர்கள். நான் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டது.

துடைத்துக்கொண்டிருந்தபோது மாமல்லபுரத்து ஓட்டல்காரர் ஒருவரை மாப்பிள்ளை கூட்டிவந்தார். "எங்க ஓட்டல் வாசல்ல வச்சா சூப்பரா இருக்கும்மா," என்றார் அவர்.

"குடுக்க மாட்டேம்பா. எங்க வூட்டுக்காரரு செஞ்சது."

"இங்க எங்கம்மா எடம் கீது?" என்றாள் மகள். கப்பலைத்தான் சொன்னாள். எனக்கு வேறு மாதிரிக் கேட்டது.

இன்று காலை பஸ் ஏறிக் கோவளம் போய் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பேசி முடித்துவிட்டேன். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. ஜன்னலைத் திறந்தால் கடல். உங்கள் பென்ஷன் போதும். பிள்ளைகளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வைத்துக் கப்பலோடு வருகிறேன். துணிமணிகளை எடுத்துவைத்துக்கொண்டு தயாராக இருங்கள். கப்பல் நீளமானது. ஒரு முனையை என் மடியில் வைத்துக்கொள்வேன், மறுமுனைக்கு நீங்கள்தான் பக்கத்தில் உட்கார வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரி