லேடி மார்லோவுக்கு ஈரம் ஆகாது

தெரணியகலை
12.05.1996

ஷாமிளாவின் அப்பாவுக்கு,

மகளும் நானும் சுகம். அவளுடைய பள்ளிக்கூடச் செலவுக்கு நீங்கள் அனுப்பியது கிடைத்தது. ஆனால் அதற்காக இதை எழுதவில்லை.

பக்கத்தில் குதிரைப் பந்தயம் பிடிக்கிற புக்கிக் கடை முக்தார் நானாவின் மனைவி லதீபா தைக்கத் துணி கொண்டுவந்தாள். துணியைச் சுற்றியிருந்த தாள் உங்கள் 'லாடம்'. ரேஸ் பேப்பர் என்றால் அடுப்புப் பற்றவைக்கத்தான் என்று இருப்பவள் நான். ஆனால் தமிழ்ப் பக்கத்தில் உங்கள் பெயரும் முகமும் இருந்தன. மெலிந்து போயிருக்கிறீர்கள். வாசித்துத் தொலைத்தேன்.

எட்டுக் குதிரை ஓடுகிற ஓட்டத்தில் ஆறு குதிரைக்கு 'வாய்ப்பு உண்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு ஒருவர் கொழும்பில் உட்கார்ந்து எழுத வேண்டுமா? எங்கள் தையல் கடைப் பூனை சொல்லும். எது தோற்கும், ஏன் தோற்கும் என்று சொல்ல வாய் வரவில்லையா? இதற்காகவா தோட்டத்துக் கிளாக்கர் வேலையை விட்டீர்கள்? இதற்காகவா குவாட்டர்ஸ் பறிபோய் நானும் பிள்ளையும் இந்தக் கடையின் பின்னறையில் கிடக்கிறோம்?

குதிரைப் பேப்பரை விட்டுவிட்டுத்தான் என் வாசற்படியை மிதிக்க வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதுதான் பேச்சு.

கோகிலா


கொட்டாஞ்சேனை, கொழும்பு
19.05.1996

அன்புள்ள கோகிலாவுக்கு,

இரண்டு வருஷமாக உன் கையெழுத்தை மணியோடர் ரசீதில் மட்டும்தான் பார்த்தேன். திட்டித்தான் எழுதியிருக்கிறாய், ஆனாலும் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

நீ சொன்னது சரி. ஒரு குதிரையைத் தோற்கும் என்று எழுதி அது ஜெயித்துவிட்டால் ஆபீஸ் வாசலில் வந்து சட்டையைப் பிடிக்கிறார்கள். 'வாய்ப்பு உண்டு' என்று எழுதினால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அந்தச் சுகத்துக்குப் பழகிப் போனேன். சீமையில் ஓடுகிற இந்தக் குதிரைகளில் ஒன்றைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை. போன ஓட்டங்களில் எப்படி ஓடியது, தரை எப்படி, முதுகில் எவ்வளவு பாரம் என்று இங்கிலீஷ் பேப்பரைப் பார்த்துத்தான் எடை போட வேண்டும். நன்றாக ஓடுகிற குதிரைக்குத்தான் பாரத்தைக் கூட்டி ஏற்றுவார்கள். அதை எழுதும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்வேன்.

இனி வாராவாரம் தாளைத் தபாலில் அனுப்புகிறேன். அடுப்பில் வைக்குமுன் ஒரு தரம் பார்த்துத் திட்டு.

உன்,
ராஜதுரை


தெரணியகலை
23.06.1996

அன்புள்ள ஷாமிளா அப்பாவுக்கு,

தாள்கள் வந்தன. தையலுக்கு இடையில் நேரம் கிடைத்தபோது பார்த்தேன்.

லேடி மார்லோ என்கிற பெண் குதிரையைப் பற்றி, 'ஈரத் தரை என்றால் இவள் முகத்தைச் சுளித்துக்கொள்வாள், வெயில் காய்ந்த நாளில் மட்டும் நம்புங்கள்' என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் எழுத்து. மழை தூறினால் கொழுந்து பறிக்க மலைக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிற மருதாயி அக்காவே கண்முன் வந்து நின்றாள். கடைசி ஓட்டத்துக்கு, 'இதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, காசை மடியில் முடிந்துகொண்டு பிளேன்டீ குடியுங்கள்' என்று இருந்தது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். அதை நம்பிப் பாதிப் பேர் புக்கியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டார்களாம். முக்தார் நானாவின் முகம் கறுத்துவிட்டது என்று லதீபா சொன்னாள்.

வருஷப் பிறப்பு விளையாட்டுப் போட்டியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன். "மஞ்சத் தாவணி இப்ப முன்னுக்கு ஓடுறாங்க, ஆனா மூச்சுப் பத்தாது, மூணாவதாத்தான் வருவாங்க" என்று தோட்டத்துக்கே கேட்கும்படி சொன்னீர்களே. மூன்றாவதாகத்தான் வந்தேன். உங்கள் முகத்தில் விழிக்கக்கூடாது என்று ஆபீஸ் பக்கமே வராமல் இருந்தேன். மற்றப் பையன்கள் எல்லாரும் நான்தான் ஜெயிப்பேன் என்று பல்லைக் காட்டினார்கள். உண்மையைச் சொன்னது நீங்கள் ஒருவர்தான். அந்த வாய்க்குத்தான் பிறகு கழுத்தை நீட்டினேன்.

கோகிலா


கொட்டாஞ்சேனை
04.07.1996

அன்புள்ள கோகிலாவுக்கு,

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். மூணாவது என்று மைக்கில் சொல்லிவிட்டு, என் வாய் பொய்யாகட்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

குவாட்டர்ஸில் தகரத்தில் மழை கொட்டுகிற நாட்கள் ஞாபகமாகவே இருக்கிறது. நான் பழைய இங்கிலீஷ் பேப்பரை உரக்க வாசிப்பேன். நீ கரிப்பெட்டியால் துணி தேய்த்துக்கொண்டே, "பாவம், அந்தக் குதிரைக்குச் சாப்பாடு போட்டாங்களாமா?" என்று கேட்பாய். அப்போது எரிச்சலாக இருந்தது. இந்த அறையில் அப்படிக் கேட்க ஒரு ஆள் இல்லை. எழுதி முடித்ததும், கோகிலா என்ன சொல்வாள் என்று பார்த்துவிட்டுத்தான் இப்போது அச்சுக்குக் கொடுக்கிறேன்.

உன்,
ராஜதுரை


தெரணியகலை
03.11.1996

அன்புள்ள ஷாமிளா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் சுருங்கிக்கொண்டே போகிறது. சுகம், வேலை அதிகம், அவ்வளவுதான். தாள் அனுப்புவதையும் நிறுத்திவிட்டீர்கள். லதீபாவிடம் வாங்கித்தான் வாசிக்கிறேன்.

பழையபடி வாய்ப்பு உண்டு, வாய்ப்பு உண்டு. போதாததற்கு 'வெற்றி நிச்சயம்' வேறு. போன வாரம், 'கொட்டும் மழையில் லேடி மார்லோவைப் பிடிக்க ஆள் கிடையாது' என்று உங்கள் முகத்துக்குக் கீழே அச்சாகியிருக்கிறது. நம் பழைய தோட்டத்து பெக்டரி அழகமுத்து தீபாவளி அட்வான்சை அப்படியே அவள் மேல் கட்டிவிட்டார். அவள் கடைசியாக வந்தாள். "ஐயா எழுதினா சரியா இருக்கும்னுதாங்க வச்சேன்" என்று என் கடை வாசலில் வந்து நின்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத் தாங்க முடியவில்லை.

நீங்கள் சோம்பேறித்தனமாக எழுதுவீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் லேடி மார்லோவுக்கு ஈரம் ஆகாது என்பதை நீங்கள் மறக்கவே மாட்டீர்கள். இது உங்கள் எழுத்தில்லை. யார் எழுதுவது? நீங்கள் எங்கே? கொழும்பில் நம் ஆட்களை ரவுண்டப் என்று வளைத்துப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று கேட்கும்போதெல்லாம் தபால்காரர் வருகிறாரா என்று வாசலுக்கு வந்து பார்க்கிறேன். இந்த ஒரு தரம் பூசி மெழுகாமல் எழுதுங்கள்.

கோகிலா


கொட்டாஞ்சேனை
08.11.1996

அன்புள்ள கோகிலாவுக்கு,

எனக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, பயப்படாதே. ஆனால் செப்டம்பரிலிருந்து 'லாடத்தில்' நான் இல்லை.

பிளேன்டீ குடியுங்கள் என்று எழுதினால் புக்கிக்காரர்கள் எப்படி விளம்பரம் தருவார்கள் என்று முதலாளி சத்தம் போட்டார். பிறகு, எந்தக் குதிரை தோற்றால் அவர்களுக்கு லாபமோ அதைத் தூக்கி எழுதச் சொன்னார். முடியாது என்றேன். "உன் பேரு என் பேப்பர்லதானே வளந்திச்சு, அது இங்கயே இருக்கட்டும், நீ போ" என்றார். பெயரையும் படத்தையும் எடுத்துவிடச் சொல்லித் திரும்பவும் போய்க் கேட்டேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இப்போது ஐந்துலாம்புச் சந்தியில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை ஏற்றி விடுகிறேன். உன் பேச்சுப்படி பார்த்தால் நான் வீட்டுக்கு வரலாம். குதிரைப் பேப்பரை விட்டாயிற்று. ஆனால் உனக்காக நானே விட்டுவிட்டு வருவது வேறு, கழுத்தைப் பிடித்துத் தள்ளியபிறகு வந்து நிற்பது வேறு. போதாததற்கு, உனக்கு அந்த எழுத்துப் பிடித்துப்போயிருந்த சமயம். வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவேன்?

அழகமுத்துவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். என் பெயரை நம்பிக் கெட்டுப்போனார்.

ராஜதுரை


தெரணியகலை
17.11.1996

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கண்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது. யார் உங்களைத் தள்ளியது? பொய் எழுத மாட்டேன் என்று சொன்னவர் நீங்கள். இது தோற்று வருவதென்றால் ஜெயிப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் போட்ட நிபந்தனை கோபத்தில் சொன்னது, அதை விட்டுத் தள்ளுங்கள்.

நேற்றுச் சாயங்காலம் சனிக்கிழமை ரேஸுக்கு ஆட்கள் நிறைந்திருந்த நேரம் பார்த்து புக்கிக் கடைக்குள் போனேன். பொம்பளைகள் ஏறாத படி அது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அளவு நாடா கழுத்தில் தொங்கியதுகூட எனக்குத் தெரியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தமிழ்ப் பக்கத்தில் கையை வைத்து, "இது ராஜதுரை எழுதினது இல்ல. பொய் எழுதமாட்டேன்னு சொல்லிட்டு அவரு அங்கருந்து வந்துட்டாரு. அவரு பேர நம்பி யாரும் காசு கட்டாதீங்க" என்றேன். சிங்கள ஆட்களும் இருந்தார்கள், அவர்களுக்குச் சிங்களத்தில் திரும்பச் சொன்னேன்.

உறையில் உங்கள் பெயரை எழுதிப் பழகிய கைதான். ஆனால் இத்தனை வருஷத்தில் வாயால் சொன்னது இதுவே முதல் தடவை. அழகமுத்து எழுந்து எனக்கு வழி விட்டார்.

முக்தார் நானா சுவரிலிருந்த தாளை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "அப்ப ராஜதுரை இப்ப எங்க தங்கச்சி?" என்று கேட்டார்.

"வீட்டுக்கு வந்துகிட்டு இருக்காரு" என்றேன்.

அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

உங்கள்,
கோகிலா