ஆற்றங்கரை விடுதியில் நான் விரித்த கட்டில்

என் றஞ்சியக்காவுக்கு,

சுகமாக இருக்கிறியளோ என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். உங்களிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு வருடம் எழுதாமலே இருந்துவிட்டேன். இன்றைக்கு உங்களுக்குச் சொல்லாமல் இருக்க ஏலாத ஒரு புதினம் இருக்கிறது. நான் ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்துவிட்டேன், அக்கா. உங்கள் மகள் துளசிதான் கூட்டிக்கொண்டு போனாள்.

இந்த ஜேர்மனியில், பான் நகரில், ரைன் கரையில் இருக்கிற அந்த ஹோட்டலில் இருபத்தொரு வருடம் நாங்கள் இரண்டு பேரும் ஊரார் படுத்தெழும்பிய கட்டில்களை விரித்தோம். ஒருநாள் ஓர் அறையின் குப்பைக்கூடையில் யாரோ எறிந்த பயணப் புத்தகம் கிடந்தது. அதில் ஒரு பக்கத்தைக் கிழித்து ஏப்ரன் பைக்குள் வைத்தீர்களே, நினைவிருக்கிறதா? ஆற்றங்கரையில் ஒரு விடுதி, சதுப்பு நிலத்துக்குள் இன்னொரு விடுதி, இடையில் யானைக் கூட்டம். பென்சன் எடுத்த கையோடு போவோம் என்றீர்கள். பென்சன் எனக்கு மட்டும்தான் வந்தது. அந்தப் பக்கம் உங்கள் கைப்பைக்குள் இருந்ததாகத் துளசி சொன்னாள்.

பயணத்துக்கு முதல் நடந்த சண்டையைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் மறைத்து என்ன? என் வலது முழங்கால் முடிந்துவிட்டது. மாற்றத்தான் வேண்டும் என்று டொக்டர் சொல்லி, ஒப்பரேஷனுக்கு நாள் குறித்து டெர்மினும் தந்துவிட்டார். ஆஸ்பத்திரியும், திரும்ப நடக்கப் பழக்குகிற ரேஹாவும் முடிய, டார்ம்ஸ்டாட்டில் தன் வீட்டில் ஆறு கிழமை வந்து இருக்கும்படி துளசி கேட்டாள். ஏலாது, நான் ஒருவருக்கும் பாரமாக இருக்கமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். பிள்ளை ஒரு கிழமை தொலைபேசி எடுக்கவில்லை. பிறகு எடுத்து, ஆப்பிரிக்காவுக்காவது வருவீர்களா என்று கேட்டாள். அதற்கும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விமானத்தில் பழையபடி அந்தக் கதையை எடுத்தாள். நான் நித்திரை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டேன். உங்களிடம் பழகிய வித்தைதான்.

முதலில் போனது பொட்ஸ்வானாவில் சோபே ஆற்றங்கரை விடுதிக்கு. மற்றவர்கள் எல்லாம் இறங்கின உடனே ஆற்றைப் பார்த்தார்கள், தூரத்தில் நின்ற யானையைப் பார்த்தார்கள். நான் போய்ப் பார்த்தது குளியலறை மூலையை. சொன்னால் நம்பமாட்டீர்கள், தண்ணீர்க் குழாயின் பின்பக்கம்கூடத் துடைத்திருந்தது. எங்கள் ஹவுஸ்டாமே, அதுதான் விரலால் தடவித் தூசி தேடுகிற அந்த மேற்பார்வைக்காரி, இங்கே வந்திருந்தால் அவவின் விரலுக்கு வேலையே இருந்திராது.

சுற்றாடலுக்குப் பாதிப்பில்லாத விடுதி என்று துளசி சொன்னபோதே எனக்குச் சந்தேகம். எங்கள் ஹோட்டலில் கதவுகளில் தொங்கிய பச்சை அட்டையை மறப்பேனா? 'இன்று என் அறையைச் சுத்தம் செய்ய வேண்டாம், இயற்கையைக் காப்போம்.' அட்டை கூடக் கூட எங்களுடைய வேலை மணித்தியாலம் குறைந்தது. மூன்று நாளுக்குப் பிறகு அந்த அறைக்குள் போனால் குப்பை மட்டும் மும்மடங்கு. இயற்கையைக் காப்பாற்றுவது நல்லதுதான், எங்களை ஆர் காப்பாற்றுவது என்று நீங்கள் கேட்டதற்கு இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஆனால் இங்கே கதை வேறு. வெயிலில்தான் விளக்கு எரிகிறது, வெயிலில்தான் தண்ணீர் இறைக்கிறார்கள். நாங்கள் குளித்த தண்ணீர் நாணல் பாத்திக்குப் போய்த் தெளிந்து வருகிறது. பிளாஸ்ரிக் போத்தல் மருந்துக்கும் இல்லை. படகு பற்றரியில் ஓடுகிறது. சத்தமே இல்லாததால் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்ற யானை தும்பிக்கையைக்கூட நிறுத்தவில்லை. விருந்தாளிகள் ஒரே துவாயை இரண்டு மூன்று நாள் பாவிக்க, தோய்க்கிற வேலை குறைந்தால் ஆளை நிறுத்துவார்களா என்று துளசியைக்கொண்டு விசாரித்தேன். இல்லையாம், அந்த நேரத்துக்குக் கன்று நடுகிற வேலை கொடுப்பார்களாம். வேலைக்காரர் எல்லாரும் பக்கத்துக் கிராமத்துச் சனம். கேட்ட பிறகுதான் எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கியது. பதினொரு மணித்தியாலம் பறந்து வந்து துவாயைக் காப்பாற்றுகிறோமே என்று நான் பகிடி விட, துளசி முறைத்தாள்.

இனித்தான் என் வண்டவாளம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? அடுத்த நாள் விடிய எழும்பினேன். மிருகம் பார்க்க வாகனம் வருவதற்குள் இரண்டு கட்டிலையும் விரித்து, மூலை மடித்து, தலையணை தட்டி, கைகழுவும் தொட்டியைத் துடைத்து, நிலத்து மணலையும் கூட்டிவிட்டேன். துளசி பல்லுத் தீட்டிக்கொண்டு வந்து பார்த்துத் தலையில் கைவைத்தாள். மூன்று நாளும் இதே கூத்து.

எங்கள் அறைக்குப் பொறுப்பான பெண்ணின் பெயர் மஸெகோ. முப்பது வயது இருக்கும். பெண்களை மரியாதையாக 'ம்மா' என்று கூப்பிடுவது அவர்கள் வழக்கம். முதல்நாள் என்னைத்தானா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் வந்து அறையைப் பார்ப்பாள், குடிக்கிற தண்ணீரை வைத்துவிட்டுப் பேசாமல் போவாள். அந்தப் பிள்ளைக்கு ஓர் அறை வேலை மிச்சம் என்று எனக்கு ஒரே சந்தோசம், ஒரே புளுகம். இப்படி ஒரு விருந்தாளி எங்களுக்கு வாய்த்திருந்தால் கோயிலில் அர்ச்சனையே செய்திருப்போமே?

மூன்றாம் நாள் மத்தியானம் கதவைத் தட்டினாள். கையைப் பிசைந்துகொண்டு நின்று துளசியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். கேட்கக் கேட்கத் துளசியின் முகம் மாறியது. மஸெகோ வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் மாதம், புரோபெசைட், அதுதான் ஆளைச் சோதித்துப் பார்க்கிற காலம், இன்னும் முடியவில்லை. விருந்தாளி தானே கட்டில் விரிக்கிறா என்றால் இவள் வேலையில் ஏதோ பிழை இருக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் நினைத்துவிட்டார். இவள் செய்கிற மற்ற அறைகளையும் போய்ச் சோதித்திருக்கிறார்.

"தன்ர கை உங்களுக்குப் பிடிக்கேல்லையோ எண்டு கேக்கிறா, சின்னம்மா," என்றாள் துளசி.

அக்கா, எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அப்படியொரு வெட்கம் நான் பட்டதில்லை. நொண்டி நொண்டி மேற்பார்வையாளரிடம் போனேன். துளசியைப் பேச விடாமல் என் ஓட்டை ஆங்கிலத்தில் நானே சொன்னேன்: நானும் அறை துப்புரவாக்குகிறவள், இருபத்தொரு வருடம், இது என் கையிலிருக்கிற வியாதி, அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. அவர் தானும் கட்டில் விரித்துத்தான் இந்த இடத்துக்கு வந்ததாகச் சொல்லிச் சிரித்தார். மஸெகோவின் பதிவில் நல்ல வார்த்தை எழுதுவதாக வாக்குத் தந்தார். ஆனால் நாளைக்கு நீங்கள் ஒன்றையும் தொடக்கூடாது என்றார்.

மறுநாள் கதிரையில் இருந்தேன். மஸெகோ கட்டில் விரிக்க நான் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலையா? கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. அவள் மூலை மடிக்கிற விதம் வேறு. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். விரிப்பை ஒருதரம் உதறி இழுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பில்தான் உங்கள் ஞாபகம் வந்தது.

உங்கள் கடைசி ஆறு மாதம். காலை ஒன்பதுக்கு நான் வருவேன் என்று தெரிந்து, எட்டுக்கே எழும்பிக் கட்டிலை விரித்து, கோப்பை கழுவி, தேத்தண்ணியும் ஊற்றி வைத்திருப்பீர்கள். நடுங்குகிற கையால் எனக்கு நீட்டுவீர்கள். நான் உங்களுக்குச் செய்ய வந்தேனா, உங்களிடம் வாங்கிக் குடிக்க வந்தேனா? கோபித்துக்கொண்டு இரண்டு கிழமை வராமலும் விட்டேன். அந்த இரண்டு கிழமையை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?

பிறகு சின்ன விமானத்தில் ஒகவாங்கோ சதுப்பு நிலத்துக்குப் பறந்தோம். அங்கே அறைகள் மரக்காலில் நிற்கிற கூடாரங்கள். கழற்றிக்கொண்டு போனால் நிலத்தில் தடமே இருக்காதாம். போக்குவரத்து எல்லாம் மொகோரோ என்கிற ஒடுக்கமான தோணியில். முன்பு முழு மரத்தைக் குடைந்து செய்தார்களாம். மரம் அழியக்கூடாது என்று இப்போது ஃபைபரில் செய்கிறார்கள். அதில் காலை நீட்டி, தண்ணீரோடு தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். என் முழங்கால் மடியுமா? தோணிக்காரரும் துளசியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னைத் தூக்கி இறக்கினார்கள். வேண்டாம், நானே இறங்குவேன் என்று வழமையாகச் சொல்வதை அன்றைக்குச் சொல்லவில்லை.

அல்லிப்பூக்களுக்கு நடுவே தோணி போனது. எங்கோ நீர்யானை ஒன்று குறட்டை விடுகிற மாதிரிச் சத்தம் போட்டது. எனக்கு முன்னால் இருந்த துளசி முகத்தைத் திருப்பாமலே கதைக்கத் தொடங்கினாள்.

"அம்மா கடைசி மட்டும் என்னை ஒண்டும் செய்ய விடேல்லை, சின்னம்மா. நான் வெள்ளிக்கிழமை வாறதுக்கு முதலே எல்லாத்தையும் செய்து வைச்சிடுவா. ஒரு தேத்தண்ணிகூட நான் அவவுக்கு ஊத்திக் குடுக்கேல்லை. நீங்களாவது விடுங்கோவன்."

மகளையுமா, அக்கா? எனக்கு மட்டும்தான் கதவைச் சாத்தினீர்கள் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். கஷ்டம் தரக்கூடாது என்றுதான் செய்தீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கஷ்டம் எங்களுக்கு வேண்டியிருந்தது. அதைத் தராமலே போய்விட்டீர்கள். இப்போது எனக்குக் கோபம் இல்லை. கவலை இருக்கிறது, அவ்வளவுதான்.

"ஓம் பிள்ளை, வாறன்," என்றேன். அவளுடைய தோள் குலுங்கியது. தோணிக்காரர் நல்ல மனுசன். ஒன்றும் தெரியாதவர் போல ஒரு பறவையைக் காட்டி அதன் பெயரைச் சொன்னார். பெயர் மறந்துவிட்டது.

அதன் பிறகு இருந்த நான்கு நாளும் நான் ராணி மாதிரி இருந்தேன். கசங்கிய கட்டிலைக் கசங்கியபடியே விட்டுவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குப் போனேன். முதல்நாள் மூன்றுதரம் திரும்பிப் பார்த்தேன், கடைசி நாள் ஒருதரம்தான். சிறுத்தையைக்கூடப் பார்த்தோம். மரத்தில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு சோம்பலாகப் படுத்திருந்தது. அதைப் பார்த்து எனக்குப் பொறாமைகூட வரவில்லை, நானும் அந்த நிலைமையில்தான் இருந்தேன்.

நேற்றுத் துளசிக்கு மின்னஞ்சல் வந்தது. மஸெகோவின் வேலை நிரந்தரமாகிவிட்டதாம். 'ம்மாவின் கால் எப்படி' என்றும் கேட்டிருக்கிறாள்.

அடுத்த மாதம் ஒப்பரேஷன். துளசி குளியலறையில் எனக்காகக் கைபிடி பூட்டிவிட்டாள், அறைக்கு யன்னல் சீலையும் மாற்றிவிட்டாள். எனக்கு விடிய நாலே முக்காலுக்கே முழிப்பு வந்துவிடும், உங்களுக்குத் தெரியும்தானே. வரட்டும். அவள் தேத்தண்ணியோடு வந்து கதவைத் தட்டும்வரை நான் கட்டிலைவிட்டு எழும்பமாட்டேன். சீனி கூடினாலும் குறைந்தாலும் வாய் திறக்காமல் குடிப்பேன். முதல் கோப்பை என்னுடையது இல்லை, அக்கா. அது உங்களுக்கு ஊற்றவென்று அவள் வைத்திருந்தது. உங்களுக்காக நான் அதை வாங்கிக் குடிப்பேன். இது சத்தியம்.

உங்கள் கூடப்பிறவாத தங்கச்சி,
துளசியின் சின்னம்மா,
வசந்தி