மாப்பிள்ளை கை தட்டின இடம்

சேசு மரி சூசை துணை

ஊர்காவற்றுறை,
18.7.1982

அன்பு மகன் சில்வெஸ்ரருக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் புண்ணியத்தில் இங்கை நாங்கள் எல்லாரும் எழும்பி நடமாடிக்கொண்டு இருக்கிறம், அப்பாவின்ரை முழங்கால் நோ மட்டும் வாடைக் காத்துக்கும் சோளகக் காத்துக்கும் ஒரே மாதிரித்தான். நீயும் அந்த வெக்கை நாட்டிலை ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேணும் எண்டு செவ்வாய்க்குச் செவ்வாய் அந்தோனியாரைக் கேக்கிறன். உன்ரை கடிதம் கிடைச்சது. தங்கச்சி மாக்கிறேற்றின்ரை கலியாணப் பேச்சு என்னாச்சு, என்ரை அறையிலை இருந்து லீவிலை வந்த இராசநாயகம் ஒரு வரியும் எழுதுறாரில்லை, நீங்களும் எழுதுறியளில்லை எண்டு கோவிச்சிருந்தாய். எழுதாமல் விட்டது எப்பிடி எழுதுறதெண்டு தெரியாமல்தான். இது ஒரு படத்தாலை வந்த கதை. ஆறுதலாய் இருந்து முழுக்க வாசி, பாதியிலை கோவிக்காதை.

முதல்லை எங்களுக்கு இந்தப் படப் பைத்தியம் எப்பிடி வந்ததெண்டு சொல்லவேணும். வேலிக்கு அங்காலை இருக்கிற அம்புறோஸ் சவூதியாலை வந்திட்டான், வரேக்கை ஒரு ரெலிவிசனும் கொண்டுவந்து விறாந்தையிலை வைச்சிருக்கிறான். பனை உயரத்துக்கு ஒரு கம்பி நட்டு அதிலை அன்ரனா பூட்டியிருக்கு. காத்து ஒத்துவந்தால் மெட்ராஸ் தெரியும், இல்லாட்டிக் கொழும்பு தெரியும், இரண்டும் சரிவராட்டி மணல் கொட்டின மாதிரி ஒரே இரைச்சல். சோளகம் பெலத்தாப் பிறகு அவன் கூரையிலை நிண்டு கம்பியைத் திருப்ப, கீழை நிக்கிற சனம் இப்ப சரி, இப்ப போச்சு எண்டு கத்துறதே தனிப் படம். அவன்ரை பெண்சாதி ஜசிந்தா பாவம், வாற ஆக்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்தி ஊத்தி ஒரு படத்தின்ரை முடிவையும் ஒழுங்காய்ப் பாத்ததில்லை, நான் போனால் அவளை இருத்திப்போட்டு நான் குசினிக்குள்ளை போறனான். மெட்ராஸ்காரர் கமக்காரருக்கெண்டு ஒரு நிகழ்ச்சி போடுறாங்கள், நெல்லுக்கு மருந்தடிக்கிறதை எங்கடை கடல்தொழில் சனம் வாயைப் பிளந்து பாக்கும். எனக்கு அது விருப்பம். அதிலை வாற மனுசர் வேர்த்து ஒழுகி, சொல்லுத் தடக்கித் தடக்கிக் கதைப்பினம், நடிக்கத் தெரியாத மனுசரைப் பாக்கிறது ஒரு சுகம். கொழும்பிலை இருந்து ஒரு சிங்கள நாடகம் போச்சுது. அப்பா நீர்கொழும்பிலை தொழில் செய்த காலத்துச் சிங்களத்தை வைச்சு எங்களுக்குக் கதை சொன்னவர், பாதி நாடகத்திலை இருந்தது, மற்றப் பாதி அவர் கட்டினது. அதிலை ஒரு புருசனும் பெண்சாதியும் மனத்தாங்கலோடை ஒரு மேசையிலை இருந்து சாப்பிடுவினம். கத்தல் இல்லை, பாட்டு இல்லை, கரண்டிச் சத்தம் மட்டும்தான். பாசை விளங்காமலே எனக்கு எல்லாம் விளங்கிச்சுது. ஜசிந்தா அலுப்பு எண்டவள், நான் சொல்லுறன் நல்ல நாடகம். பேந்து ஒரு ஞாயிறு மெட்ராஸிலை கடல்காரற்றை படம் ஒண்டு. வள்ளம் ஏறுறவன் முகத்திலை பவுடர், புயல் அடிச்சும் தலைமயிர் கலையேல்லை. உன்ரை கொப்பர் சிரிச்ச சிரிப்பிலை மற்றச் சனம் கோவிச்சுப் போச்சு. ஆனால் முடிவிலை ஒரு பொம்பிளை கரையிலை நிண்டு ஒண்டும் பறையாமல் கடலைப் பாத்த இடத்திலை அவரும் சிரிப்பை நிப்பாட்டிப்போட்டார். படம் முழுக்கப் பொய்யாய் இருந்தாலும் ஒரு இடம் மெய்யாய் இருந்தால் காணும் எண்டு எனக்குப் படுகுது.

இனி விசயத்துக்கு வாறன். உன்னோடை ஒரே அறையிலை இருக்கிற பொடியன், நீயே பாத்துச் சொன்ன இடம், அப்பாவுக்கும் எனக்கும் ஒரு மறுப்பும் இருக்கேல்லை. பொடியன்ரை தாய் கத்தரீனா மண்டைதீவிலை இருந்து ஆள் அனுப்பினவ, பொம்பிளை பாக்க வீட்டுக்கு வந்தால் ஊர் முழுக்கத் தெரிஞ்சு போம், சரிவராட்டிப் பிள்ளைக்குத்தான் கெட்ட பேர், யாழ்ப்பாணத்திலை ஒரு படத்துக்குப் போவம், அங்கை கண்டமாதிரி இருக்கட்டும் எண்டு. நல்ல யோசனையாய்த்தான் பட்டுது. இப்ப டவுணிலை ஆமிக்காரற்றை கெடுபிடியாலை இருட்டினாப் பிறகு நிக்க ஏலாத காலம், அதாலை பகல் காட்சிக்குப் போனனாங்கள். ஒரு வரிசையிலை அப்பா, நான், மாக்கிறேற், அங்காலை கத்தரீனா, அவவுக்குப் பக்கத்திலை இராசநாயகம். படம் துவங்க முந்தி அவர் தாயைத் தாண்டிக் குனிஞ்சு மாக்கிறேற்றிட்டை, நீங்கள் படிப்பிக்கிற பாலர் வகுப்புப் பிள்ளையள் சொல்லுக் கேக்குதுகளோ எண்டு கேட்டவர். கேக்காத பிள்ளையளைத்தான் தனக்குக் கனக்கப் பிடிக்கும் எண்டு அவள் சொல்ல இரண்டு பேரும் சிரிச்சவை. அவளுக்கு அவரைப் பிடிச்சது மகன். அதை நீ விளங்கவேணும், பிடிக்காமல் சாட்டுச் சொன்னதில்லை.

படத்தின்ரை பேர் எனக்கு இப்பவே மறந்து போச்சு. ஒரு பணக்காரப் பெட்டை பட்டணத்திலை படிச்சிட்டு வந்து ஒரு ஏழைப் பொடியனைக் கட்டுறாள். கண்ணாடி போட்டிருக்கிறாள், கார் ஓடுறாள், அதுகளே அவள் கூடாதவள் எண்டதுக்குச் சாட்சி. மாமியாரை எதிர்த்து ஒரு கதை கதைக்கிறாள். உள்ளதைச் சொன்னால் அவள் கதைச்சதிலை முக்கால்வாசி ஞாயம். அப்ப புருசன் வந்து கன்னத்தைப் பொத்தி ஒரு அறை. அவள் சுழண்டு விழுந்து, எழும்பி, அவன்ரை காலைப் பிடிக்கிறாள், பின்னாலை வீணை வாசிக்கிறாங்கள். கலரியிலை விசில் கிழிஞ்சுது, தியேட்டர் முழுக்கக் கைதட்டு. இராசநாயகமும் தட்டினவர், நல்ல சந்தோசமாய், சத்தமாய். நான் இப்பிடி இடங்கள் எத்தினை படத்திலை பாத்திருப்பன், ஒரு நாளும் ஒண்டும் தோன்றினதில்லை. அண்டைக்கு நான் தற்செயலாய்த் திரும்பினால் மாக்கிறேற் திரையைப் பாக்கேல்லை, இராசநாயகத்தின்ரை கையைப் பாத்துக்கொண்டு இருக்கிறாள். நடுவிலை இருந்த கத்தரீனா நிலத்தைப் பாத்தபடி சீலைத் தலைப்பை விரலிலை சுத்திக்கொண்டு இருந்தவ.

படம் முடிஞ்சு கூல்பாரிலை ஐஸ்கிறீம் சாப்பிடப் போனம். எல்லாரும் படத்தைப் பற்றித்தான் கதைச்சது. அப்பா பாட்டுக் கூட எண்டார், நான் மாமியாராய் நடிச்ச மனுசி நல்லாய்ச் செய்தவ எண்டன். மாக்கிறேற் நேரே இராசநாயகத்தைப் பாத்து, அந்தப் பொம்பிளைக்கு அடிச்ச இடத்திலை ஏன் கை தட்டினனீங்கள் எண்டு மெதுவாய்க் கேட்டாள். அவர் சிரிச்சு, படம்தானே எண்டார். பேந்து தானாகவே, அவவுக்கும் வாய் கூடிப் போச்சுத்தானே, ஒண்டு குடுத்தாப் பிறகுதானே திருந்தினவ எண்டார். அவள் கரண்டியை வைச்சிட்டாள்.

வீட்டை வந்து செருப்பைக் கழட்ட முந்தி, எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் அப்பா எண்டாள். கொப்பருக்கு வந்ததே கோவம். குடி இல்லை, பீடி சிகரெட் இல்லை, உன்ரை அண்ணை பக்கத்திலை இருந்து பாத்த பொடியன், ஒரு படத்துக்குக் கை தட்டினதுக்காக மாப்பிள்ளை வேண்டாமெண்ட கதை இந்தத் தீவிலை ஆரும் கேட்டிருப்பினமோ, வெளியிலை சொன்னால் சிரிப்பினம் எண்டு குளறினார். நானும் அவற்றை பக்கம்தான் நிண்டனான். கடைசியிலை அவர், ஆம்பிளையள் எல்லாரும் அடிக்கிறவங்களோ, நான் ஒருநாள் எண்டாலும் கொம்மாவுக்குக் கை நீட்டினனானோ எண்டு கேட்டார். அவள் அழேல்லை. இல்லை அப்பா, நீங்கள் அடிக்காதபடியால்தான் எனக்கு அது பகிடியாய்த் தெரியேல்லை எண்டாள். மனுசன் அப்பிடியே கதிரையிலை இருந்திட்டார். பேந்து எழும்பி வலையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனவர், பொழுதுபடத்தான் வந்தவர்.

நான் இரண்டு மூண்டு நாள் அவளுக்குப் புத்தி சொல்லிப் பாத்தனான். படம் வேறை, வாழ்க்கை வேறை எண்டன். அவள் சொல்லுறாள், படத்திலைதான் அம்மா மனுசர் யோசியாமல் சிரிக்கிறது, யோசியாமல் கை தட்டுறது, மாப்பிள்ளை பாக்க அதைவிட நல்ல இடம் இல்லை எண்டு. என்ன சொல்லி மண்டைதீவுக்கு ஆள் அனுப்பிறதெண்டு நான் மண்டையைப் போட்டு உடைச்சுக்கொண்டு இருக்கேக்கை, ஒரு காலமை கத்தரீனாவே தனிய பஸ்ஸிலை வந்து இறங்கினா. முன்னுக்கு இருத்த நான் கதிரை இழுக்க, வேண்டாம் எண்டு குசினிக்குள்ளை வந்து பலகையிலை இருந்தவ. உங்கடை பிள்ளை என்ரை மகனிட்டைக் கேட்டதை நான் பக்கத்திலை இருந்து கேட்டனான் எண்டு துவங்கினா. செத்துப்போன அவவின்ரை மனுசன் அடிக்கிறவராம். சோத்துக்கு உப்புக் கூடினால் அடி, குறைஞ்சால் அடி. இராசநாயகம் சின்னனிலை இரண்டு பேருக்கும் நடுவிலை வந்து நிண்டு தானும் வாங்கினவராம். அப்பிடி நிண்ட பிள்ளை கை தட்டேக்கை எனக்குத் தேப்பன்ரை கைதான் தெரிஞ்சுது தங்கச்சி எண்டா. வீட்டை போய் மகனிட்டையும் அதையே சொன்னாவாம். நான் மகனுக்காகக் கேக்க வரேல்லை, உங்கடை பிள்ளையை ஆரும் பேசிப்போடுவினமோ எண்ட பயத்திலை வந்தனான், அவள் கேட்டது சரியான கேள்வி, அந்த வயதிலை எனக்கு வாய் வரேல்லை எண்டு சொல்லி அழுதா. நான் அவவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். மாக்கிறேற் பள்ளிக்கூடத்தாலை வரவும் அவ கண்ணைத் துடைச்சு, ஒண்டும் நடவாத மாதிரி என்ன கறி எண்டு கேட்டு, எங்களோடை இருந்து சாப்பிட்டுத்தான் போனவ.

நாலைஞ்சு நாளிலை இராசநாயகமும் வந்தார். நேரே அப்பாவிட்டை, மாக்கிறேற்றோடை கதைக்க விடுவியளோ எண்டு கேட்டார். அப்பா ஓம் எண்டு சொல்லிப்போட்டு வாசல் முத்தத்திலை எங்களுக்குத் தெரியக் கூடினதாய் இரண்டு கதிரை போட்டுக் குடுத்தார். காத்து எங்கடை பக்கம், எனக்கு எல்லாம் கேட்டுது. அவர், நான் வேணுமெண்டு தட்டியிருந்தால் மன்னியுங்கோ எண்டு கேக்கலாம், கை தன்பாட்டிலை தட்டிப்போட்டுது, அதுக்கு என்ன கேக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை எண்டார். மெய்யாய்ச் சொல்லுறன், எனக்கு அவரிலை அப்பதான் மதிப்பு வந்தது. மாக்கிறேற் நிமிந்து அவரைப் பாத்தாள். பேந்து, நீங்கள் கூடாதவர் எண்டு நான் ஆருக்கும் சொல்லமாட்டன், ஆனால் எனக்குப் பயம் வந்திட்டுது, பயத்தோடை ஒரு வீட்டுக்குள்ளை வர ஏலாது எண்டாள். பயம் போகாதோ எண்டு அவர் கேட்டார். போகலாம், அதுக்காக நீங்கள் காத்திருக்கக்கூடாது, நானும் காத்திருக்கச் சொல்லமாட்டன் எண்டாள். அவர் தலையாட்டிப்போட்டு எழும்பினார். போகேக்கை நான் உனக்கெண்டு வைச்சிருந்த கருவாட்டுப் பொதியைத் தரச்சொல்லி அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டு போனவர். அண்டைக்கு இரவு மாக்கிறேற் சாப்பிடேல்லை. சுலபமாய் வேண்டாம் எண்டு சொன்னாள் எண்டு நினையாதை.

ஆனபடியால் அந்தப் பேச்சு முடிஞ்சுது. இந்தக் கடிதம் வர அவரும் லீவு முடிஞ்சு அங்கை வந்திருப்பார். ஒரே அறை, ஒரே அடுப்பு. முகத்தைத் திருப்பிக்கொண்டு திரியாதை, என்ரை தங்கச்சியை இப்பிடிச் செய்தனியோ எண்டு கேளாதை, அவர் ஒண்டும் செய்யேல்லை. அவராய் வாய் திறந்தால் கேள், திறவாட்டி முந்தின மாதிரிச் சமைச்சு இரண்டு பேரும் இருந்து சாப்பிடுங்கோ. உனக்கு எங்களிலை கோவம் எண்டால் எனக்கு எழுது, மாக்கிறேற்றுக்கு எழுதாதை. அவள் உன்ரை கடிதத்துக்குத்தான் பயந்துகொண்டு இருக்கிறாள், தபால்காரன்ரை மணி கேட்டால் குசினிக்குள்ளை போய் நிக்கிறாள். அவளுக்கெண்டு ஒரு துண்டு தனிய எழுதி வை, கலியாணத்தைப் பற்றி வேண்டாம், சுகமோ எண்டு கேட்டால் காணும்.

இவ்வளவும் எழுதி அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டு இருந்தவர், நான் குளறினதை ஏன் எழுதினனீ எண்டார். வெட்டட்டோ எண்டு கேட்டன். வெட்டாதை, கிடக்கட்டும், ஆனால் கீழை இதையும் எழுது எண்டார்: பெட்டை செய்தது சரியெண்டு அப்பா சொல்லுறார். அதை நான் அவளை எழுதச் சொல்லிக் குடுக்கப் போறன். கீழை உள்ள வரி உன்ரை தங்கச்சியின்ரை கை எழுத்து.

பெட்டை செய்தது சரியெண்டு அப்பா சொல்லுறார்.

அங்கை லீவு நாளிலை வாற வெள்ளிக்கிழமைப் பூசையைத் தவறவிடாதை, வெயிலுக்குள்ளை வெறும் தலையோடை வேலை செய்யாதை. மாதாவின்ரை காவல் உன்னிலும் உன்னோடை இருக்கிற பிள்ளையிலும் இருக்கட்டும் எண்டு மன்றாடி முடிக்கிறன்.

உன்னைப் பெத்த,
அம்மா
யா. சூசையம்மா